சகலைக்குப் பொருந்தும் பை

குதிமைதானத்தில் எல்லோரும் அவரை மடிப்பு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். ஒன்று மெயின். ஒவ்வொரு முறையும் விரிவது அதுதான், குதிக்கிறவரே அதை மடித்துக்கொள்வார். மற்றது ரிசர்வ். மெயின் கைவிட்டால் விரிய வேண்டியது. ரிசர்வை உரிமம் உள்ளவர் மட்டுமே மடிக்கலாம். மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரை அழுத்தி, அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மைதானத்தில் பதினாறு வருடமாக அது மாஸ்டரின் கையெழுத்து. அவர் மடித்த ரிசர்வில் ஒன்பது பேர் உயிரோடு தரை தொட்டிருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் அவரை எங்கே பார்த்தாலும் எழுந்து நிற்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஆள்மேல்தான் பொறாமை. அந்த ஆள் அவருடைய சகலை.

கல்யாணமாகி ஏழு வருடம் வரை மாஸ்டர்தான் அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. மாமனார் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், அதிகம் பேசாதவர். ஆனால் மாஸ்டர் போனால் டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அந்த வீட்டில் அது பெரிய மரியாதை. பிறகு மனைவியின் தங்கை ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் முதல்முறை சாப்பிட வந்த அன்று மாமனார் டிவியை அணைத்தே விட்டார்.

டாக்டரைக் குறை சொல்லவும் வழியில்லை. மாமியாரின் கடைவாய்ப் பல்லை வலி தெரியாமல் பிடுங்கினார். மாமனாருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்ட பிறகு மாமனார் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். அத்தனை வருடத்தில் மாஸ்டர் அவர் பல்லைப் பார்த்ததே இல்லை.

டாக்டரை முதன்முதலில் மைதானத்துக்குக் கூட்டி வந்தவரும் மாஸ்டரேதான். பிறந்தநாளுக்கு ஒரு தடவை பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டி மேலேயிருந்து தள்ளிவிட்டால், பயந்துபோய் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று உள்ளூர ஒரு ஆசை. டாக்டர் இறங்கி வந்து, தலையெல்லாம் கலைந்து, "சகல, இதை ஏன் எனக்கு முன்னாடியே காட்டல?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே பயிற்சியில் சேர்ந்தார். மூன்றே வருடத்தில் இருநூற்றைம்பது குதி. அந்த வசந்தத்தில் நால்வர் அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் மாஸ்டருக்கு வயிறு எரிந்தது. நால்வர் அணி என்றால், நான்கு பேர் ஒன்றாகக் குதித்து, விழுந்துகொண்டே கையையும் காலையும் பிடித்து, முப்பத்தைந்து நொடிக்குள் எத்தனை கோலம் மாற்றுகிறார்கள் என்று எண்ணும் போட்டி. அந்த அணிக்கு மாஸ்டர் மூன்று தடவை பெயர் கொடுத்திருக்கிறார். மூன்று தடவையும் கேப்டன் அவர் தோளைத் தட்டி, அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள். கேப்டன் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிற பெண், சுருக்கமாகப் பேசுகிறவள். ஏன் எடுக்கவில்லை என்று அவளும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

அணியில் சேர்ந்தவருக்குச் சொந்தமாகப் பாராசூட் வேண்டும். வாடகைக்கு எடுத்துக் குதித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். டாக்டர் விசாரித்து நல்லதாக ஒரு மெயின் வாங்கிவிட்டார், நூற்றெழுபது சதுர அடி. ரிசர்வும் கிடைத்துவிட்டது, நூற்றெழுபத்தாறு. இரண்டையும் தலையணை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை மாஸ்டரின் அறைக்கு வந்தார். இனி இவை இரண்டும் அடங்கும் பை வேண்டும். மைதானத்தில் அதைக் கண்டெய்னர் என்பார்கள். மேலறையில் ரிசர்வ், கீழறையில் மெயின், பக்கவாட்டில் தோளுக்கும் தொடைக்கும் வார்கள்.

அவர் மனதில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்தது. கேப்டனின் சிநேகிதர் ஒருவர் விற்கத் தயாராக இருந்த கறுப்புக் கண்டெய்னர். சின்னது, ஒட்டினாற்போல இருப்பது. மாட்டினால் முதுகில் ஏதோ இருக்கிறதா என்றே தெரியாது. அணியில் மற்ற மூவரும் அந்த மாதிரிதான் வைத்திருந்தார்கள். டாக்டர் அதைக் கையோடு கொண்டுவந்து, புது மாப்பிள்ளை கண்ணாடி முன்னால் நிற்பதுபோல மாட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினார்.

மாஸ்டர் உள்மடலைப் பிரித்துச் சீட்டைப் படித்தார். நூற்றைம்பது மெயினுக்கும் அதைவிடச் சின்ன ரிசர்வுக்கும் தைத்தது. டாக்டர் எண்பத்தைந்து கிலோ. ரிசர்வைச் சின்னதாக மாற்றிக்கொள் என்றும் சொல்ல முடியாது. மயங்கிப்போய் அதில் இறங்க நேர்ந்தால் தரையில் வேகமாக மோதி எலும்பு நொறுங்கும். அதனால் இது வேண்டாம் என்றார். அது உண்மை. அதில் பொறாமை எதுவும் இல்லை.

அப்படியானால் எது என்று டாக்டர் கேட்டார்.

சுவரில் ஒரு பழைய கண்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தது. குதிப்பதை விட்டுவிட்டுப் போன ஒரு கனத்த மனிதர் யாருக்காவது கொடுங்கள் என்று வைத்துவிட்டுப் போனது. பச்சையும் ஆரஞ்சும் கலந்த நிறம், இருநூற்று முப்பது மெயினுக்கு உரிய அளவு. அதை மாட்டினால் முதுகில் கேஸ் சிலிண்டரைக் கட்டினாற்போல இருக்கும். மாஸ்டர் அதைக் காட்டி, இது தாராளமாகப் போதும், பத்திரமும்கூட என்றார்.

டாக்டர் முகம் விழுந்துவிட்டது. மாட்டிப் பார்த்தார். அவ்வழியே போன விமானி ஒருவர், வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் நூல் எடுப்பதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

அந்த அலமாரிக்குள்ளேயே துணி உறை போட்டு இன்னொரு கண்டெய்னர் இருந்தது. கருநீலம். நூற்றெழுபது மெயின், நூற்றெழுபத்தாறு ரிசர்வ் என்று அளவு சொல்லித் தைத்து வாங்கியது. ஐந்து வருடத்துக்கு முன்னால், இந்தத் தடவை நிச்சயம் அணியில் எடுப்பார்கள் என்று நம்பி மாஸ்டர் தனக்காகச் செய்துகொண்டது. எடுக்கவில்லை. அவர் தன் குதிகளுக்கெல்லாம் தன் பழைய பையையே போட்டுக்கொண்டார். நீலப்பை ஒருநாள்கூட விமானம் ஏறவில்லை. டாக்டருக்கும் அவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள் அகலம். மாமியார் சட்டை எடுத்தால் இருவருக்கும் ஒரே அளவில்தான் எடுப்பார். மாஸ்டர் நூல்கண்டை எடுத்துக்கொண்டு அலமாரியைச் சாத்தினார்.

மறுநாள் மாமனார் வீட்டில் மதியச் சாப்பாடு. பை விஷயம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. டாக்டர் தன்னையே கிண்டல் செய்துகொண்டு, கேஸ் சிலிண்டர் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். மாமியார் மட்டும், சின்ன மாப்பிள்ளைக்கு நல்லதாக ஒன்று பார்த்துக் கொடுக்கக்கூடாதா, இதெல்லாம் உங்கள் கையில்தானே இருக்கிறது என்று பெரிய மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். பாதுகாப்புதான் முக்கியம் என்று மாஸ்டர் ஒரு பாடமே நடத்தினார். மாமனார் பல்செட்டைச் சரிசெய்துகொண்டு தலையாட்டினார்.

மாஸ்டரின் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எதிரில் இருப்பவர் எந்த எழுத்தைப் படிக்கிறார், எதைக் குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்பது அவளுக்கு உடனே தெரிந்துவிடும். வண்டியில் திரும்பும்போது இரண்டு சிக்னல் தாண்டினார்கள். மூன்றாவதில் நின்றபோது கேட்டாள்.

"அந்தக் கறுப்புப் பை வேணாம்னீங்க, சரி. நீலப் பை ஏன் உங்க கண்ணுல படல?"

"அது என்னோடது."

"அஞ்சு வருஷமா அலமாரியோடது."

"எனக்கு வேண்டியிருக்கும்."

"வேண்டியிருந்தா வச்சுக்குங்க. தரமாட்டேன்னு சொல்லுங்க, யாரும் எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா அந்த ஆள்கிட்ட பாதுகாப்புன்னு பேசாதீங்க."

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்தவர் ஹாரன் அடிக்கும்வரை மாஸ்டர் வண்டியை எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை டாக்டர் மறுபடி கறுப்புப் பையோடு வந்தார். கொஞ்சம் இறுக்கிப் பிடித்து மடித்தால் அடங்கிவிடும் என்று அணியில் சொல்கிறார்களாம். வேறு மைதானத்தில் ஒருவர் மடித்துத் தரத் தயாராம். ஆனால் தன் ரிசர்வை வேறு யாரும் தொடக்கூடாது, மாஸ்டர் முயன்று பார்த்து முடியாது என்றால் விட்டுவிடுகிறேன் என்றார்.

மாஸ்டர் மறுக்கவில்லை. முயன்றுதான் பார்ப்போமே என்று நீள மேசையில் ரிசர்வை விரித்தார். ஒவ்வொரு மடிப்பிலும் காற்றைப் பிதுக்கி, மணல் பொதிகளை வைத்து அழுத்தி, உள்பையில் திணித்து, முழங்காலை ஊன்றி, கருவி போட்டு, உள்பையை வெளியே இழுத்துவரும் ஸ்பிரிங்கை அமுக்கி, இரண்டரை மணி நேரத்தில் மூடிவிட்டார். சட்டை நனைந்துவிட்டது. பை செங்கல்போல இருந்தது.

டாக்டர் முகம் மலர்ந்தது. "அடங்கிடுச்சே!"

"அடங்கினா போதாது. திறக்கணும். மாட்டிக்குங்க."

டாக்டர் மாட்டிக்கொண்டார். மாஸ்டர் ரிசர்வின் பிடியில் ஸ்பிரிங் தராசைக் கோத்தார். பத்து கிலோ இழுப்புக்குள், பையை மூடியிருக்கும் ஊசி, அதாவது பின், உருவிக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. இழுக்கச் சொன்னார். டாக்டர் தராசைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். முள் பதினைந்தைத் தொட்டபோது படக்கென்று பின் வந்தது. ஸ்பிரிங் துள்ளி மேசைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஆனால் அதன் பின்னாலேயே வர வேண்டிய உள்பை வரவில்லை. மேலறைக்குள் பிதுங்கிக்கொண்டு அப்படியே நின்றது. மாஸ்டர் அதைப் பிடித்து ஆட்டி ஆட்டி வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் அந்த உள்பையை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு வார்களைக் கழற்றி, கறுப்புப் பையை ஓரமாக வைத்தார்.

"சரி சகல. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் அழகு பாத்துட்டேன். அந்தப் பெரிய பையவே எடுத்துக்கிறேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

அவர் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. சண்டை போட்டிருந்தால், வேறு ஆளிடம் போகிறேன் என்றிருந்தால் மாஸ்டருக்கு எளிதாக இருந்திருக்கும். டாக்டர் சுவரிலிருந்து பச்சைப் பையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ரிசர்வை இதில் மடித்துவிடுங்கள், அடுத்த வாரம் அணியோடு முதல் குதி என்றார்.

மாஸ்டர் அட்டையை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். நூற்றெழுபது மெயின் அந்தப் பையின் கீழறையில் எப்படிக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். பெரிய பெட்டியில் ஒற்றைச் செருப்பு மாதிரி. மூடும் கயிறு தளர்ந்தே இருக்கும். மற்ற மூன்று பேரோடு உரசிக்கொண்டு விமான வாசலில் நிற்கும்போது பின் தானாக நழுவலாம். நழுவினால் பாராசூட் விமானத்தின் வாலில் போய்ச் சிக்கும். கயிற்றைச் சிறிதாக்கலாம், உள்ளே பஞ்சு வைக்கலாம் என்றெல்லாம் மனம் சாக்குத் தேடியது. பேனாவை மூடினார்.

"அதைக் கீழ வைங்க. அதுவும் உங்களுக்கு ஆகாது."

"ஏன்?"

"உங்க மெயினுக்கு ரொம்பப் பெருசு. பின் நிக்காது."

"அன்னைக்குத் தாராளமாப் போதும்னீங்களே?"

"அன்னைக்கும் எனக்குத் தெரியும்."

டாக்டருக்குப் புரியவில்லை. மாஸ்டர் அலமாரியைத் திறந்து துணி உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஜிப்பை இழுத்தார். டாக்டர் உள்மடலைப் பிரித்துச் சீட்டைப் படித்தார். ஒரு தடவை படித்து, திரும்பவும் படித்தார்.

"இது இங்கயே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சகல அந்தச் சிலிண்டரை என் முதுகுல ஏத்தினீங்க?"

மாஸ்டர் ஜிப்பின் முனையைத் திருகினார். ஏதாவது சமாளிக்கலாமா என்று பார்த்தார்.

"நீங்க அந்த டீம்ல நல்லாத் தெரியக்கூடாதுன்னு நெனச்சேன்."

அறைக்கு வெளியே விமானம் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. டாக்டர் முகம் மெல்லச் சிவந்தது. அவர் கத்தவில்லை.

"வீட்டுல உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு தெரியும். அது பரவால்ல. ஆனா நான் மேல போய் வாசல்ல நிக்கும்போது பின்னாடி திரும்பிப் பாக்கறதே இல்ல. பையில உங்க கையெழுத்து இருக்குங்கற தைரியம்."

ரிசர்வையும் மெயினையும் தலையணை உறைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார். நீலப்பை மேசைமேலேயே கிடந்தது.

இரண்டு வாரம் டாக்டர் மைதானத்துக்கு வந்தார், ஆனால் மாஸ்டரின் அறைப்பக்கம் வரவில்லை. வாடகைப் பையில் குதித்தார். மாமனார் வீட்டுக்கு இரண்டு குடும்பமும் வேறு வேறு நேரத்தில் போயின. டாக்டர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பது மாமியாரின் பேச்சிலிருந்து மாஸ்டருக்குத் தெரிந்தது. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். இதிலும் அந்த ஆள் ஒரு படி மேலே போய்விட்டானே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பையை எப்போது கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை மதியம் மாஸ்டர் பல் மருத்துவமனைக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் யாருக்குப் பல்வலி என்று கேட்டாள். யாருக்கும் இல்லை, டாக்டருக்கு ஒரு பை பொருத்திப் பார்க்க வேண்டும் என்றார். அவள் அவரையும் பெரிய உறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு டோக்கன் கொடுத்தாள். பதினான்காம் எண். கன்னம் வீங்கிய ஒரு அம்மாவுக்கும் பத்திரிகை படிக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போனார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே திரும்பி, அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அறையில் வேறு நாற்காலி இல்லாததால் மாஸ்டர் பல் நாற்காலியின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார். அது மெல்லப் பின்னால் சாயத் தொடங்கியது. டாக்டர் காலால் ஒரு பொத்தானை மிதித்து அதை நிறுத்தினார்.

"மாட்டிப் பாருங்க. சரியா வரலன்னா எடுத்துட்டுப் போயிடறேன்," என்றார் மாஸ்டர்.

டாக்டர் யோசித்துவிட்டு, வெள்ளைக் கோட்டின் மேலேயே மாட்டிக்கொண்டார். மாஸ்டர் குனிந்து தொடை வார்களை இழுத்தார். மார்பு வாரைப் பூட்டினார். தோளுக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். முதுகோடு அணைந்து உட்கார்ந்திருந்தது, எங்கும் இழுக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. இழுத்துக்கொண்டிருந்தது மாஸ்டரின் நெஞ்சுக்குள்தான். ஐந்து வருடமாக இதை மாட்டிக்கொண்டு தான் எப்படி இருப்போம் என்று நினைத்திருந்தாரோ, அப்படி வேறொருவர் எதிரில் நின்றார்.

"நல்லா இருக்கு," என்றார் மாஸ்டர்.

"எனக்கு இன்னும் கோபம் போகல, சகல."

"எனக்கும் இன்னும் பொறாமை போகல."

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ரிசர்வையும் மெயினையும் எங்கே, எப்போது கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இந்தப் போட்டிப் பருவம் முடியும்வரை போட்டுக்கொள்கிறேன், பிறகு திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். அடுத்த எண்ணைக் கூப்பிடச் சொல்லி மணியை அழுத்தினார். பையைக் கழற்ற மறந்துவிட்டார். உள்ளே வந்த கன்னம் வீங்கிய அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாஸ்டர் டாக்டரின் ரிசர்வை நீலப்பையில் மடித்தார். தராசு எட்டு காட்டியது. உள்பை எண்ணெய் தடவினாற்போல வெளியே வந்தது. மறுபடி மடித்து, முத்திரை வைத்து, அட்டையில் கையெழுத்துப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை அணி குதித்தபோது அறையை விட்டு வெளியே வரவில்லை. பார்க்க முடியாது என்று தெரிந்திருந்தது. அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான். போட்டியில் அணி மூன்றாவதாக வந்தது. மாமனார் டாக்டரின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார். மாஸ்டருக்கும் இரண்டு தடவை காட்டினார்.

பருவம் முடிந்ததும் அணியில் ஒருவர் வேலை மாறி வெளியூர் போனார். ஓர் இடம் காலியானது. மாஸ்டர் நான்காவது முறையாகப் பெயர் கொடுத்தார். பத்துக் குதி குதித்துக் காட்ட வேண்டும். மீதமிருக்கும் மூவரும் ஒளிப்பதிவைப் பார்த்து முடிவு சொல்வார்கள். மூவரில் ஒருவர் டாக்டர். மாஸ்டர் உள்ளூரக் கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர், பை வேறு கொடுத்திருக்கிறோம் என்று.

முடிவைச் சொல்ல இந்தத் தடவை கேப்டன் வரவில்லை. டாக்டரே அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மேசையின் மறுபக்கம் நின்றார்.

"உங்களை எடுக்கல, சகல. நானும் வேணாம்னுதான் சொன்னேன்."

மாஸ்டரின் காது மடல் சுட்டது. பழிவாங்குகிறான் என்று முதலில் தோன்றியது. ஆனால் டாக்டர் போகாமல் அங்கேயே நின்றார்.

"ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"இடது பக்கம் திரும்பும்போது காலை மடிக்கிறீங்க. ஒரு அடி கீழ போயிடறீங்க. உங்களுக்காக நாங்க மூணு பேரும் இறங்கி வரவேண்டியிருக்கு. பத்துல எட்டு தடவை. கேப்டன் இதை முதல் தடவையே பாத்துட்டாளாம். ஒன்பது பேரைக் காப்பாத்தின ஆள்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டாளாம்."

அத்தனை வருடமாக அவர் என்னென்னவோ காரணம் நினைத்திருந்தார். வயசு, முகராசி, கேப்டனுக்குத் தன்னைப் பிடிக்காதது. ஒரு கால் என்று நினைத்ததே இல்லை. அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது. மேசைமேல் பாதி மடித்துக் கிடந்த யாரோ ஒருவருடைய ரிசர்வில் ஒரு மடிப்பை நீவிச் சரிசெய்தார்.

"படத்தைக் காட்டுங்க," என்றார்.

டாக்டர் கைப்பேசியில் காட்டினார். இருவரும் தலையோடு தலை ஒட்டிப் பார்த்தார்கள். ஆமாம், கால் மடிந்தது. எட்டு தடவையும் மடிந்தது.

விமானக் கொட்டகையில் அணிகள் பழகுவதற்குச் சக்கரம் வைத்த பலகைகள் உண்டு. அதில் குப்புறப் படுத்து, தரையிலேயே உருண்டு திருப்பங்களைப் பழகுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அப்படித்தான் எல்லோரும் கற்கிறார்கள். டாக்டர் இரண்டு பலகைகளை இழுத்துப் போட்டார். மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயது வயிற்றை ஒரு பலகைமேல் வைத்துப் படுத்தார். டாக்டர் எதிரில் படுத்துக் கையை நீட்டினார்.

"இடது. மெதுவா. கால் நீட்டியே இருக்கணும்."

மாஸ்டர் திரும்பினார். கால் மடிந்தது.

"மறுபடி," என்றார் டாக்டர்.